நடந்து காட்டு

"கொஞ்சம் இழுத்து நடந்தாத்தான் என்ன, கொறஞ்சா போயிருவ?" என்று அம்மா கேட்டது காலையிலிருந்து இது நாலாவது தடவை. முதல் தடவை வீட்டில், காளீஸ்வரி செருப்பின் பின்வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது. இரண்டாவது பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. மூன்றாவது இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், சீட்டுக் கொடுக்கிறவர் முப்பத்தெட்டு என்று எழுதி நீட்டியபோது. இப்போது முப்பத்தொன்றைக் கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் ஏழு பேர். ஏழு பேர் என்றால் ஏழு நடை. கதவிலிருந்து மேசை வரைக்கும் பதினான்கு தரைக்கல், அவள் எண்ணி வைத்திருந்தாள், உள்ளே போகிறவர்களிடம் எல்லாம் டாக்டர் முதலில் சொல்வது ஒரே வார்த்தைதான், நடந்து காட்டு, பேர் கேட்பதற்கு முன்னாலேயே, நடந்து காட்டு. நடக்க முடியாதவர்களிடமும் அதைத்தான் சொன்னார். தவழ்ந்து போன ஒருவர் எல்லோரையும்விடச் சீக்கிரம் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள், இங்கே சிரித்தால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம், அப்புறம் அந்தப் பயத்தின்மேல் ஒரு கோபம், சிரிப்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம், சிரிக்கிற நரம்பு அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இழுத்து நடப்பது எப்படி என்று யாரிடம் போய்க் கேட்பது? தன்னிடமேதான் கேட்க வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்கு இருக்கிற காளீஸ்வரியிடம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இடது கால் முன்விரல் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும், முட்டி ஒரு பக்கம் வட்டம் போடும், செருப்பு கழன்று இரண்டடி பின்னால் கிடக்கும், அதனால்தான் இந்தப் பின்வார் செருப்பு. காலை ஒன்பது மணிக் காளீஸ்வரி நாலு மணிக் காளீஸ்வரியைப் போல நடந்து காட்டினால் அது பொய் இல்லைதான், எல்லாம் ஒரே காலின் நடைதான், ஆனாலும் அது என்னவோ தன் காலைத் தானே பழித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கணக்கு வாத்தியாரைப் போல நொண்டிக் காட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரித்திருக்கிறாள்.

"அக்கா, சும்மா இருங்க, பாப்பாவைப் போட்டு அரிக்காதீங்க" என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர். ஞானராஜ் என்று பேர், காலையில் அவராகவே சொன்னார், டயர் கடை வைத்திருக்கிறாராம், வலது கால் தொடைக்குக் கீழே இல்லை, கைலியை மடித்துச் செருகியிருந்தார். அவருக்குச் சீட்டு முப்பத்தாறு. "நானும் மூணாவது தடவையா வர்றேன். போட்டோ மாறிருச்சு, கார்டு மாறிருச்சுன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். உண்மையில கால் மொளச்சிருச்சான்னு பார்க்கத்தான் கூப்பிடுறாங்க." அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு என்ன அண்ணாச்சி, பார்த்தாலே தெரியுது. இவளுக்கு என்னத்தைக் காட்ட?" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான். இல்லாததைக் காட்டுறது லேசு. இருக்கிற காலுக்குள்ள இல்லாததை எப்படிக் காட்டுறது?" காளீஸ்வரி அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள், இருக்கிற காலுக்குள் இல்லாதது, வேறு நேரமாக இருந்தால் நோட்டில் எழுதியிருப்பாள், தேர்வுக் கட்டுரைக்கு ஆகும், கட்டுரை, தேர்வு, வெள்ளிக்கிழமை. மனசு எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் வெள்ளிக்கிழமையில் போய் முட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் மாற்றுத்திறனாளி அட்டையைப் பதிவேற்றினால் எழுத்துத் தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள். அதில் ஊனம் நாற்பது சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும். முப்பத்தொன்பது ஆகாது. முதல்நிலைத் தேர்வில் தேறியாகிவிட்டது, அது வட்டத்தைக் கறுப்பாக்குகிற தேர்வு, அதிலேயே கடைசி ஐம்பது கேள்விக்கு விரல் மரத்து, பேனா எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வட்டத்தை நிரப்பினாள். இது எழுதுகிற தேர்வு. ஒன்றரை மணி நேரம் எழுதினால் வலது கை சுண்டுவிரலிலிருந்து மரக்கத் தொடங்கும், பத்து நிமிஷம் கீழே தொங்கப்போட்டால் திரும்பி வரும், அப்புறம் எழுதலாம், அப்புறம் மறுபடியும். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் தெரிந்த கை ஊர் போய்த் திரும்பி வருகிற நேரம் வேண்டும். ஒரு மணி நேரம். அவ்வளவுதான் கேட்கிறாள். இந்த மருத்துவக் குழு புதன்கிழமை மட்டும்தான் உட்காரும். இன்று புதன்.

கழுத்தில் ஈரத் துண்டு. துண்டுக்குள் இரண்டு தண்ணீர் பாக்கெட், வீட்டு ஓனர் அக்காவின் ஃபிரிட்ஜில் ராத்திரியே வைத்து உறைய வைத்தது, இப்போது பாதி உருகி முதுகில் ஒரு கோடு போட்டு இறங்கியது. இந்தக் குளிர்ச்சி இருக்கிற வரைக்கும் கால் அவள் சொல்வதைக் கேட்கும். சூடு ஏறினால் கேட்காது. நரம்பின் மேல் உறை அங்கங்கே உரிந்திருக்கிறது, உடம்பு சூடானால் உரிந்த இடத்தில் சேதி வழியில் நின்றுவிடும், குளிர்ந்தால் திரும்ப ஓடும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் பேனாவால் படம் போட்டுச் சொன்னார். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ வெயில்ல போகாம இருந்தா போதுமா?" என்று கேட்டாள். சித்திரை மாசத்தில், இந்த ஊரில். துண்டுதான் இப்போது அவளுடைய சிக்கல். துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் நேராக நடப்பாள், நேராக நடந்தால் நாற்பது வராது. கழற்றி வைத்துவிட்டுப் போனால் வராந்தாவில் ஒரு மணி நேரம் வெந்த கால் கொஞ்சம் தடுமாறும், ஆனால் வேண்டுமென்றே கழற்றினாளே, அது நடிப்பா? அப்படியானால் தினமும் துண்டைப் போட்டுக்கொண்டு போனாளே, அது? இந்த இடத்தில்தான் நினைப்பு காலையிலிருந்து நூல் சிக்கிய மாதிரி நின்றது. கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கட்டில் விழுந்தபோது செருப்பு வழுக்கிவிட்டது என்றாள். பயிற்சி மையத்தில் போர்டு மங்கலாகத் தெரிந்தபோது ராத்திரி தூங்கவில்லை என்றாள். தோழி கல்யாணத்தில் தட்டை நழுவவிட்டபோது கை ஈரம் என்றாள். சுளுக்கு, தலைசுற்றல், விரதம், மாதவிலக்கு, பஸ்ஸில் இடித்துக்கொண்டது. மூன்று வருஷமாக அவள் நடித்ததெல்லாம் நன்றாக இருக்கிறவளின் வேஷம். அதற்கு யாரும் நடிப்பு என்று பேர் வைக்கவில்லை. சமத்து என்று சொன்னார்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கியபோது தாலுகா ஆபீசில் கூட அப்படித்தான், தலை சுற்றச் சுற்ற இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள், உட்கார இடம் கேட்கவில்லை, கேட்டால் என்ன நினைப்பார்களோ. என்ன நினைத்திருப்பார்கள்? ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு நாற்காலியைத் தள்ளியிருப்பார்கள்.

முப்பத்திரண்டு. ஒரு அம்மா தன் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். காளீஸ்வரியின் மடியில் மூளை ஸ்கேன் படம் இருக்கிற பெரிய உறை, அம்மா அதைப் பழைய சேலைத்துணியில் சுற்றி வைத்திருந்தாள், மடங்கக் கூடாதாம், மடங்கினால் உள்ளே இருப்பதும் மடங்கும் என்கிற மாதிரி. நாலு படங்கள், வருஷத்துக்கு ஒன்று. முதல் படத்தில் நாலு வெள்ளைப் புள்ளி. இரண்டாவதில் ஒன்பது. மூன்றாவதிலும் ஒன்பது, போன மாசம் எடுத்த நாலாவதிலும் அதே ஒன்பது. தேர்வுத்தாளில் வெள்ளையாக இருக்கிற வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், இங்கே கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வெள்ளை வைத்திருக்கிறார்கள், ஒன்பது கேள்விக்குத் தப்பான விடை, திருத்த வழி இல்லை. ஒன்பதும் எங்கெங்கே இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். அம்மாவுக்கும்தான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், ஆனால் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரல் வைத்து எண்ணிவிடுவாள், தீப்பெட்டி ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் குச்சி அடுக்கின கண், ஒன்று கூடினாலும் தெரிந்துவிடும். "புதிய புள்ளிகள் இல்லை, நிலையாக உள்ளது" என்று ரிப்போர்ட்டைக் காளீஸ்வரி தமிழில் சொன்ன அன்று அம்மா கேசரி கிண்டி காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "பாப்பாவுக்கு ரிசல்ட் வந்துருச்சு" என்றாள். எல்லோரும் பரீட்சை ரிசல்ட் என்று நினைத்து வாழ்த்தினார்கள். அதே வாரம்தான் இடது கால் படிவாசலில் சிக்கி அவள் குடத்தோடு விழுந்தது. அம்மா குடத்தைக்கூட எடுக்காமல் நின்று, "அதெப்படி? புள்ளி கூடலையே, பிறகு எப்படி விழுவ?" என்று கேட்டாள், அவள் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி. அதைக் காளீஸ்வரியும் டாக்டரம்மாவிடம் கேட்டாள். புள்ளி இருக்கிற எண்ணிக்கைக்கும் காலுக்கும் நேர்க் கணக்கு கிடையாது என்றார் அவர், நிறையப் புள்ளி இருக்கிறவர்கள் ஓடுவார்கள், ஒன்றிரண்டு இருக்கிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள், புள்ளி எங்கே விழுந்தது என்பதும் முக்கியம், படத்தில் விழாததும் இருக்கிறது. படத்தில் விழாதது. அந்த வார்த்தை அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அப்புறம் ஒருவிதமாகத் தைரியமும் கொடுத்தது. படத்துக்கே முழுசாகத் தெரியாத ஒன்றைத் தினமும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் தான் என்று.

முப்பத்தைந்து, அதற்குள் முப்பத்தைந்தா? வெயில் வராந்தாவின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா தன் சேலைத் தலைப்பால் அவளுக்கு விசிறினாள், விசிறிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டாள். காளீஸ்வரிக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் அதே சிக்கல், விசிறினால் கால் சரியாகிவிடும், விசிறாவிட்டால் பிள்ளை வேகும், பெற்றவள் கை பாதியில் நின்றது. யாருக்கும் இப்படி ஒரு சங்கடம் வரக் கூடாது, பிள்ளைக்கு முடியாமல் போக வேண்டும் என்று ஒரு அம்மா ஒரு மணி நேரம் வேண்டிக்கொள்வது. "விசிறும்மா" என்றாள். அம்மா விசிறினாள். "எங்க ஆபீசுல," என்றாள் அம்மா, ஞானராஜிடம் சொல்கிற மாதிரி, "மழைக்காலத்துல குச்சி நமுத்துப் போகும் அண்ணாச்சி. பார்த்தா ஒண்ணும் தெரியாது, மருந்து செக்கச்செவேல்னு அப்படியே இருக்கும். கணக்குப்பிள்ளை அடுக்கி வச்ச பெட்டியில ஏதாவது ஒண்ணை உருவி உரசிப் பார்ப்பாரு. பத்தலைன்னா அந்தக் கட்டே திரும்பிரும். பார்வைக்கு இருந்து என்ன?" "உரசத்தான் கூப்பிட்டிருக்காங்க நம்மளை" என்றார் ஞானராஜ், கட்டையை ஊன்றி எழுந்தார், முப்பத்தாறு. காளீஸ்வரி அதைக் கேட்டாள். சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவில் அவளும் அந்த ஆபீசில் லேபிள் ஒட்டியிருக்கிறாள், பசை காய்ந்த விரலை உரித்துக்கொண்டே கணக்குப்பிள்ளையைப் பார்த்திருக்கிறாள், அவர் குச்சியைப் பார்க்கவே மாட்டார், உரசும்போது கண் வேறெங்கோ இருக்கும், காதுதான் கேட்கும், சர்ரென்ற சத்தம். ஒரு குச்சியை ஒரு தடவை உரசினால் போதும், அதோடு அது முடிந்தது. அவள் குச்சி இல்லை. அவளைக் காலையில் உரசினால் பற்றும், மத்தியானம் உரசினால் பற்றாது, ராத்திரி குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் பற்றும். அப்படியானால் எந்த நேரத்து உரசலை எழுதிக்கொள்வார்கள்? அவர்களுக்கு வசதியான நேரத்தையா? அவள் வாழ்கிற நேரத்தையா? தேர்வு பத்து மணிக்குத் தொடங்கும், ஒரு மணிக்குத்தான் முடியும்.

ஞானராஜ் வெளியே வந்தார். "இன்னும் மொளைக்கலையாம்" என்று அட்டைக்கான ரசீதை ஆட்டிக் காட்டிவிட்டு, போகாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "இருந்து பார்த்துட்டுப் போறேன்." முப்பத்தேழு உள்ளே போய், உடனே வந்துவிட்டது. முப்பத்தெட்டு. துண்டைக் கழுத்திலிருந்து எடுக்காமலேயே அவள் எழுந்தாள். அம்மா கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள், "இழுத்து." உள்ளே குளிர்காற்றுப் பெட்டி ஒன்று தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஓடியது, அடடா, இது வேறா, நல்ல குளிர்ச்சி, அவளுக்கு ஒரு கணம் அது சுகமாக இருந்தது, அந்தச் சுகத்தை நினைத்துப் பயம் வந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் இருந்தவர்தான் நரம்பு டாக்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். நடந்து காட்டு. முதல் கல். இழுக்கலாம். இப்போது இழுத்தால்தான் உண்டு. இரண்டாவது கல், மூன்றாவது, இடது கால் எந்த வம்பும் செய்யாமல் வந்தது, சமத்துக் கால், மூன்று வருஷமாகப் பழக்கி வைத்த கால், பெரிய மனுஷர்களைக் கண்டால் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஏழு, எட்டு. கொஞ்சம் இழு, அம்மாவின் குரல் மண்டைக்குள். மாட்டேன். அதைப் பழித்துக் காட்ட மாட்டேன். பதினான்கு. டாக்டர் தன் இரண்டு விரலை நீட்டினார், "பிடி, இறுக்கிப் பிடி." பிடித்தாள். படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் காட்டினார், ரிப்போர்ட்டைப் புரட்டினார். "நல்லாத்தானேம்மா நடக்குற. புதுசாவும் ஒண்ணும் வரலை. சந்தோஷமான விஷயம்தானே?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, குரலில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது. "இருபது போடலாம். அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியலையே." இருபது. பேனா காகிதத்துக்கு மேல் போயிற்று. சரி சார் என்ற வார்த்தை அவள் நாக்கில் தானாக வந்து நின்றது, அவளுக்கு அந்த வார்த்தையைத் தெரியும், தாலுகா ஆபீசிலும் கல்லூரி ஆபீசிலும் ஹாஸ்டல் வார்டனிடமும் சொன்ன வார்த்தை, சரி சார், தேங்க்ஸ் சார், வெளியே வந்து பாத்ரூமில் அழுகிற வார்த்தை. "எழுதாதீங்க சார்" என்றாள். அறையில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னம்மா?" "எழுதாதீங்க சார். நீங்க பார்த்தது பொய் இல்லை. ஆனா இது ஐஸ் வச்ச கால்." கழுத்திலிருந்து துண்டை உருவி மேசைமேல் வைத்தாள், சொட்டியது, பக்கத்து டாக்டர் தன் காகிதங்களை நகர்த்திக்கொண்டார். "எங்க அம்மா இழுத்து நடக்கச் சொன்னாங்க. எனக்கு அது வரலை சார். வேற ஒண்ணு செய்யிறேன். வாசல்ல இருந்து அந்த வாகை மரம் வரைக்கும் ஆறு தடவை போயிட்டு வர்றேன். வெயில்ல. நீங்க மத்தவங்களைப் பாருங்க, யாரையும் நிறுத்த வேண்டாம். நாப்பத்தஞ்சாவது டோக்கன் போறதுக்குள்ள வந்துருவேன். அப்போ இதே பதினாலு கல்லுல நடக்கிறேன். அதையும் பார்த்துட்டு என்ன தோணுதோ அதை எழுதுங்க. அதுக்கப்புறம் இருபதுன்னா இருபதுதான்." "மயக்கம் போட்டு விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் நரம்பு டாக்டர். "விழ மாட்டேன் சார். கால்தான் போகும், நிழலுக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்தா திரும்பிரும். எனக்கு மூணு வருஷப் பழக்கம்." அவர் கண்ணாடியை இறக்கி அவளை முதல் தடவையாகப் பார்த்தார். பேனாவை மூடினார். "நாலு தடவை போதும். அம்மாவைக் கூட்டிட்டுப் போ." வெளியே வந்து சொன்னபோது அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "பைத்தியமாடி உனக்கு? சும்மா ரெண்டு எட்டு இழுத்திருந்தா முடிஞ்சிருக்கும்ல?" "உரசிப் பார்க்கச் சொல்லியிருக்கேம்மா" என்றாள் காளீஸ்வரி. ஞானராஜ் கட்டையால் தரையைத் தட்டினார். "போ பாப்பா. நான் எண்ணுறேன்."

வெயில் ஒரு கதவைப் போல முகத்தில் திறந்தது. ஒன்று. சரளைக்கல், ஆம்புலன்ஸ் நிற்கிற கொட்டகை, குடிதண்ணீர்த் தொட்டி, வாகை மரம், மரத்தின் நிழலுக்குள் போகக் கூடாது, போனால் ஏமாற்று வேலை, நிழலின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினாள். அம்மா பத்தடி பின்னால் வந்தாள், தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு. கால் நன்றாகத்தான் இருக்கிறது. பயமே அதுதான், வேண்டும்போது வராது, வேண்டாதபோது வரும், ஒருவேளை இன்றைக்குப் பார்த்து வராவிட்டால்? தன் நோயை வா என்று கூப்பிடுகிறாளே, எவளாவது கூப்பிடுவாளா, மூன்று வருஷமாகப் போ போ என்று விரட்டியதை. இரண்டு. வேர்வை புருவத்தைத் தாண்டியது. பாதத்தில் அந்த எறும்பு, முதலில் ஒன்று, அப்புறம் ஒரு வரிசை, கணுக்காலுக்கு ஏறி. வந்துவிட்டாயா. யாரோ ஒரு நர்ஸ் நின்று பார்த்தாள், ஆட்டோக்காரர் ஒருவர் ஏம்மா யாரைத் தேடுற என்று கேட்டார். "யாரையும் இல்லைண்ணே, நடக்கிறேன்." நடக்கிறேன், எவ்வளவு சின்னச் சொல், இதைச் சொல்வதற்கு அவளுக்கு எவ்வளவு நாளாயிற்று. கல்லூரிப் படிக்கட்டில் விழுந்த அன்றே சொல்லியிருக்கலாம், செருப்பு இல்லை, நான்தான், என் கால்தான், இப்படித்தான் இது. மூன்று. இடது கண்ணில் ஓரத்திலிருந்து சாம்பல் பூத்தது, தொட்டியின்மேல் எழுதியிருந்த எழுத்து பாதி அழிந்தது, வலது கண்ணில் முழுசாக இருந்தது, இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டாள். இடது முட்டி தன் வட்டத்தைத் தொடங்கியது. முன்விரல் சரளையைக் கீறியது, சர்ரென்ற சத்தம். காதைக் கொடுத்துக் கேட்டாள். மறுபடியும் சர். கணக்குப்பிள்ளை இருந்தால் கேட்டிருப்பார். பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம் பத்தடியிலிருந்து ஐந்தடிக்கு வந்தது. "போதும் தாயி" என்றாள் அம்மா. போதாது. நாலு என்று சொல்லியிருக்கிறார், மூன்றோடு போனால் அது வேறு ஒருத்தியின் கணக்கு. நாலு. மரம் எட்டிப் போய்க்கொண்டே இருந்தது, தொடையைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தாள், வெட்கம் வரும் என்று நினைத்தாள், ஆஸ்பத்திரி வாசலில் இத்தனை பேர் பார்க்க ஒரு பொம்பளைப் பிள்ளை தன் காலைத் தானே தூக்கி வைப்பது. வரவில்லை. வெட்கத்தையும் எங்கேயோ மூன்றாவது சுற்றில் கழற்றிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. நிழலின் விளிம்பு. தொட்டாள். திரும்பினாள். "நாலு!" என்று வராந்தாவிலிருந்து ஞானராஜ் சத்தம் போட்டார், வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள்.

கதவருகே நாற்பத்துநாலாவது ஆள் ஒதுங்கி வழிவிட்டார். குளிர்காற்றுப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, பரவாயில்லை, ஓடட்டும், இனி ஒரு மணி நேரத்துக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. யாரும் நடந்து காட்டு என்று சொல்லவில்லை. முதல் கல். வலது கால் போயிற்று, இடது கால் யோசித்தது, தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இரண்டு. பக்கத்தில் அம்மா, தொடாமல், தொடுகிற தூரத்தில். ஆறில் உடம்பு சுவர்ப் பக்கம் சாய்ந்தது, சுவரைப் பிடித்தாள், விட்டாள். "போதும்மா, போதும், உட்காரு" என்றார் டாக்டர், பாதி எழுந்துவிட்டார், நாற்காலியை யாரோ தள்ளினார்கள். இன்னும் எட்டுக் கல் இருந்தது. "வந்துட்டேன் சார்" என்றாள், நாக்கும் கொஞ்சம் தடித்திருந்தது, அதுவும் இருக்கட்டும், அதையும் கேட்கட்டும். ஏழு. எட்டு. அவர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். தலைகீழாகத் தெரிந்த காகிதத்தில் அவர் எழுதுவது சாம்பலாக இருந்தது, இடது கண்ணை மூடிக்கொண்டாள், வலது கண் சொன்னது, முதல் எண் நான்கு. அதற்குப் பக்கத்தில் என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டியதில்லை, நான்கில் தொடங்கினால் எதுவானாலும் ஒரு மணி நேரம். உட்கார்ந்துவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நாற்காலி பக்கத்தில்தான் இருக்கிறது. பதினொன்று. முன்விரல் கல்லின் இடுக்கில் சிக்கி, கால் வெளிப்பக்கமாகத் திரும்பி விழுந்தது, அம்மாவின் வாயிலிருந்து, காலையிலிருந்து ஐந்து தடவை வேறொன்றைச் சொன்ன வாயிலிருந்து, அழுகையும் அதட்டலுமாக வந்தது, "ஏ காளீசு, காலை நேரா வைடி!"

"நேராத்தாம்மா வைக்கிறேன்" என்றாள் அவள். பன்னிரண்டாவது கல்லில் வைத்தாள்.